பத்தாங்கட்டைக் கடல்

கோலாலம்பூர், கிள்ளான், சிரம்பான் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன்தான். "பிடிக்குப் போறோம்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். விடியற்காலையிலேயே சோறும் கோழிப் பிரட்டலும் தயாராகிவிடும். தார்ப்பாய், தண்ணீர் ட்ரம், ஒரு பழைய டயர் டியூப் எல்லாம் வண்டியில் ஏறிவிடும். எட்டாங்கட்டை தெலுக் கெமாங்கில் மரநிழல் பார்த்துப் பாய் விரித்தால், இருட்டும்வரை அங்கேதான்.

எங்கள் வீட்டுப் பழக்கமும் அதுவே. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. நாங்கள் பாயோடு சரி. தண்ணீரில் இறங்க மாட்டோம். கணுக்கால் நனையும்வரை நிற்கலாம். அதற்கு மேல் ஓர் அடி வைத்தால் பாயிலிருந்து அம்மாவின் குரல் வந்துவிடும். அண்ணன், நான், தங்கை மூன்று பேருமே கடலோரத்தில் வளர்ந்தும் நீந்தத் தெரியாதவர்கள். இப்போது என் மகனுக்கு ஒன்பது வயது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. அவனையும் நான் கணுக்கால் அளவு தண்ணீரிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன் என்பது ஒருநாள் திடீரென்று உறைத்தது. அன்று அவனைக் கூப்பிட்ட என் குரல் அப்படியே அம்மாவின் குரலாக இருந்தது.

அதன் பிறகுதான் எட்டாங்கட்டையைத் தாண்டிப் போய்ப் பார்ப்போம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

வெளியூர் வாசகர்களுக்காக இந்தக் 'கட்டை' கணக்கைச் சொல்லிவிடுகிறேன். போர்ட்டிக்சன் பட்டணத்திலிருந்து தெற்கே கடலையொட்டிப் போகும் சாலையில் அந்தக் காலத்து மைல் கற்களை வைத்தே இடங்களுக்குப் பெயர். நாம் கட்டை என்கிறோம், மலாய்க்காரர்கள் பத்து என்கிறார்கள். நாடு கிலோமீட்டருக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆகியும் வழி கேட்டால் இன்னும் கட்டைதான் பதிலாக வரும். பத்தாங்கட்டை என்றால் பட்டணத்திலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர். தெலுக் கெமாங்கின் கூட்டம், குதிரை சவாரி, வாழைப்பழப் படகு எல்லாவற்றையும் கடந்து, கடல் பக்கமாகப் பிரியும் சிறு சாலையில் போனால் மரங்கள் நெருங்கி வரும். சாலை முடியும் இடத்தில் ஒரு சின்ன வளைகுடா. பலகையில் தஞ்சோங் பிரு என்று இருக்கும். ஆனால் எல்லாரும் சொல்வது புளூ லகூன்.

முதல் தடவை போனது மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பௌர்ணமி கழிந்த மறுநாள். அம்மாவை அழைக்கவில்லை. இடத்தை நாங்கள் பார்த்துவிட்டு வந்து பிறகு சொல்லலாம் என்று நினைத்தோம். வண்டியை நிறுத்தும்போது மதியம் பன்னிரண்டரை. மகன்தான் முதலில் ஓடினான். ஓடிய வேகத்தில் நின்றுவிட்டான்.

"அம்மா, கடலைக் காணோம்!"

உண்மையிலேயே காணவில்லை. மணல் முடிந்த இடத்திலிருந்து கரும்பாறைகளும் சேறும் சிப்பி ஓடுகளுமாக நீண்டு கிடந்தன. தண்ணீர் எங்கோ தூரத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. "இதற்கா இவ்வளவு தூரம்?" என்று நான் முகத்தைச் சுளித்தேன். அங்கே இளநீர் விற்றுக்கொண்டிருந்த மக்சிக் எங்களைப் பார்த்துச் சிரித்தார். 'ஆயேர் சூருட்' என்றார். தண்ணீர் வற்றிய நேரம். கடலுக்கு வருகிறவர்கள் மணி பார்த்து வரவேண்டாமா என்று மலாயில் செல்லமாகக் கடிந்துகொண்டார். மாலைக்குள் நீங்கள் நிற்கும் இடத்துக்கே தண்ணீர் வந்துவிடும் என்று என் காலைக் காட்டினார்.

சரி, வந்தது வந்தாயிற்று என்று குன்றில் ஏறினோம். வளைகுடாவுக்குத் தெற்கே ஒரு காட்டுக் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் தஞ்சோங் துவான். போர்த்துகீசியர் வைத்த பெயர் கேப் ரச்சாடோ, அதாவது பிளந்த முனை. காவலர் கூண்டில் சிறு கட்டணம் கட்டிவிட்டு தார்ச்சாலை வழியே ஏற வேண்டும். கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆனால் முழுவதும் நிழல். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சுற்றிலும் நெகிரி செம்பிலான். இந்தக் குன்று மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். "இப்ப நாம மலாக்காவில இருக்கோம்" என்று அப்பா சொன்னதை மகன் நம்பவே இல்லை. அறிவிப்புப் பலகையைப் படித்த பிறகுதான் ஒப்புக்கொண்டான்.

உச்சியில் வெள்ளைக் கலங்கரை விளக்கம். அந்த இடத்தில் முதலில் விளக்கேற்றியவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் மலாக்காவை ஆண்ட போர்த்துகீசியர். இப்போது நிற்கும் கோபுரம் 1863-இல் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது. உள்ளே ஏறிப் பார்க்கப் பொதுவாக விடமாட்டார்கள். அடிவாரத்தில் நின்று பார்த்தாலே போதும். மலாக்கா நீரிணை முழுவதும் விரிந்து கிடக்கும். எதிர்க்கரை சுமத்ரா. இடையில் சுமார் 40 கிலோமீட்டர்தான். வரிசை வரிசையாகக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. 1606-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இதே தண்ணீரில் டச்சுக்காரர்களும் போர்த்துகீசியரும் மோதியிருக்கிறார்கள். இரு தரப்பிலும் இரண்டிரண்டு கப்பல்கள் மூழ்கின. அவற்றில் நாசாவ் என்ற டச்சுக் கப்பலைப் பிற்காலத்தில் கடலடியில் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து எடுத்த பொருள்களில் சில லுக்குட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போகிற வழிதான், ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பார்த்துவிடலாம்.

அன்று கலங்கரை விளக்கத்தடியில் பத்துப் பதினைந்து பேர் தொலைநோக்கியும் கையுமாக வானத்தைப் பார்த்து நின்றார்கள். என்னவென்று கேட்டதற்கு ஒருவர் தன் கருவியை மகனிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கடலுக்கு மேலே புள்ளி புள்ளியாக எதுவோ வந்துகொண்டிருந்தது. தேன்பருந்துகள். குளிர்காலத்தைத் தெற்கே கழித்துவிட்டு வடக்கே ஊர் திரும்புகிற பறவைகள். பருந்துகள் சிறகடித்து அதிக தூரம் பறப்பதில்லை. நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் ஏறி, சிறகை விரித்தபடியே மிதந்து போகும். கடலுக்கு மேல் அப்படிப்பட்ட காற்று கிடைக்காது. அதனால் நீரிணை எங்கே ஒடுக்கமோ அங்கே பார்த்துக் கடக்கின்றன. கரை சேரும்போது களைத்துப்போய், மர உச்சியைத் தொட்டுவிடுவது போல் தாழ்ந்து வருகின்றன. குன்றைத் தொட்டதும் அங்கே எழும் வெப்பக் காற்றில் வட்டமிட்டு மேலே ஏறிக் காட்டுக்கு அப்பால் போய்விடுகின்றன. மலேசிய இயற்கைச் சங்கம் 2000-ஆம் ஆண்டிலிருந்து இதைப் பார்ப்பதற்கென்றே இங்கே விழா நடத்தி வருகிறது. இத்தனை வருடம் எட்டாங்கட்டையில் பாய் விரித்துச் சோறு சாப்பிட்ட எங்களுக்கு, இரண்டு கட்டை தள்ளி இப்படி ஒன்று நடப்பது தெரியாமல் போயிற்று.

கீழே இறங்கும்போது மணி நான்கரை. மக்சிக் சொன்னது சரிதான். பாறைகள் மறைந்திருந்தன. மதியம் நாங்கள் நின்ற இடத்தைத் தண்ணீர் தொட ஆரம்பித்திருந்தது. அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. கோயில் குளத்தில் காற்றடித்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு நெளிவு. அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அம்மாவை இங்கே அழைத்து வந்தால் என்ன?

அம்மாவின் கதையை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

அம்மா சிலியாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அங்கேயே பால் மரம் வெட்டியவர். கடலுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல்தான் இருக்கும். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறைதான் அதைப் பார்க்க முடியும். தீபாவளி முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் தோட்டத்து லாரியில் ஏற்றி அனுப்புவார்களாம். லயத்துக்கு இத்தனை பேர் என்று மண்டோர் பெயர் எழுதிக்கொள்வார். ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் நின்றுகொண்டே, பாடிக்கொண்டே எட்டாங்கட்டைக்குப் போவார்கள்.

அம்மாவுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது போன பயணத்தில் அடுத்த லயத்துப் பையன் ஒருவன் திரும்பி வரவில்லை. தண்ணீர் வற்றிய நேரம். பிள்ளைகள் சேர்ந்து மணல் திட்டில் சிப்பி பொறுக்கிக்கொண்டே தூரத்துக்குப் போயிருக்கிறார்கள். போகும்போது தன் புது ஜப்பான் சிலிப்பரைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்து, "அக்கா, பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனானாம். தண்ணீர் திரும்பியதை யாரும் கவனிக்கவில்லை. மற்ற பிள்ளைகள் எப்படியோ வந்துவிட்டார்கள். அவனை மறுநாள் காலையில் மீன்பிடிக்காரர்கள் கொண்டு வந்தார்கள். லாரி முந்தின நாள் மாலையே தோட்டத்துக்குத் திரும்பிவிட்டது. வழி நெடுக அந்தச் சிலிப்பர் அம்மா மடியில் இருந்திருக்கிறது. அவன் வீட்டு வாசலில் அதைக் கொண்டுபோய் வைத்ததும் அம்மாதான்.

இதை அம்மா எங்களிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. பெரியம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அம்மா சொன்னதெல்லாம், "தண்ணிகிட்டப் போகாதே" என்பது மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்தது ஏற்ற இறக்க அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொண்டதுதான். நாற்பது வயதுக்கு மேல் இதைக் கற்றுக்கொள்ள வெட்கமாகக்கூட இருந்தது. நம் கடலில் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் ஆறு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும். அதனால்தான் போன வாரம் பத்து மணிக்கு நிறைந்திருந்த கடல் இந்த வாரம் அதே மணிக்கு வற்றிக் கிடக்கிறது. இன்னொன்று, தண்ணீர் ஆறு மணி நேரமும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. முதல் மணி நேரத்தில் மெதுவாகத்தான் ஏறும். நடுவில் வரும் மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மொத்த ஏற்றத்தில் பாதி வந்து சேர்ந்துவிடும். தட்டையான கடற்கரையில் மணல் திட்டைத் தேடி வெகுதூரம் போனவர்களுக்கும் கரைக்கும் நடுவே உள்ள பள்ளம்தான் முதலில் நிறையும். திட்டு காய்ந்தே இருக்கும், திரும்பும் வழி போயிருக்கும். இதைப் படித்தபோது அந்தப் பையனுக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. அன்று அந்தக் கடற்கரையில் நின்ற பெரியவர்களில் யாருக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்களுக்குத் தெரிந்தது ரப்பர் காடு.

அட்டவணை இல்லாவிட்டாலும் நம் வீட்டு நாள்காட்டி பாதி வேலையைச் செய்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் மிக உயரமாக ஏறி, மிகத் தாழ்வாக இறங்கும். அஷ்டமி, நவமியை ஒட்டி அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். நாங்கள் முதலில் போனது பௌர்ணமியை ஒட்டி. கடல் காணாமல் போனதற்குக் காரணம் அதுதான். பயந்தவர்களை அழைத்துப் போவதற்கு அஷ்டமிதான் சரி என்று முடிவு செய்தேன். கூட்டம் இருக்கக்கூடாது என்பதற்காக ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் ஒரு வேலை நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

அம்மா நாள்காட்டியைப் பார்த்தார்.

"ஏண்டி, செவ்வாய்க்கிழமை வேற, அஷ்டமி வேற! யாராவது புறப்படுவாங்களா?"

"நல்ல காரியத்துக்குப் போகலம்மா. குளிக்கத்தான் போறோம்."

"அதுக்கு நான் எதுக்கு?"

"சோத்தைப் பார்த்துக்க ஆள் வேணாமா? குரங்கு இருக்கு."

அது வேலை செய்தது.

சிரம்பானிலிருந்து நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம் போய்விடலாம். அம்மாவுக்காகப் பழைய சாலையில் ரந்தாவ், சிலியாவ் வழியாகப் போனோம். அம்மா பிறந்த லயம் இப்போது இல்லை. ரப்பரும் இல்லை, செம்பனைதான். கோயிலுக்குத் திரும்பும் செம்மண் பாதையை மட்டும் கண்டுபிடித்துக் கும்பிட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் ரயிலும் ஓடியது. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த பாதை 1891-இல் திறக்கப்பட்டது. முதலில் ஈயத்தையும் பிறகு ரப்பரையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது அதுதான். இப்போது சில இடங்களில் தண்டவாளம் புதருக்குள் எட்டிப் பார்க்கிறது.

அன்று விடியற்காலையில் நல்ல மழை, காற்று. சுமத்ராக் காற்று என்று நாம் சொல்வது இதைத்தான். இந்த மாதங்களில் எதிர்க்கரையிலிருந்து பெரும்பாலும் இரவு முடியும் நேரத்தில் வந்து அடித்துவிட்டுப் போகும். ஒன்பதரைக்கு எட்டாங்கட்டையைத் தாண்டும்போது வானம் தெளிந்துவிட்டது, ஆனால் கடலில் இன்னும் அலை அடங்கவில்லை. பழுப்பு நிறத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மணலை அறைந்துகொண்டிருந்தது. அம்மா கார்க் கண்ணாடி வழியே அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டார். திரும்பிவிடலாமா என்று எனக்கே தோன்றியது.

பத்து நிமிடத்தில் புளூ லகூன். அங்கே கடல் வேறு மாதிரி இருந்தது. மக்கள் ஒதுக்குப்புறமான கடற்கரை என்று சொல்வதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. தெற்கே தஞ்சோங் துவான் குன்று சுவர் மாதிரி நின்று, அந்தப் பக்கத்துக் காற்றையும் அலையையும் தன் மேல் வாங்கிக்கொள்கிறது. முனைக்கு அப்பால் வெள்ளை வெள்ளையாக நுரை தெரிந்தது. வளைகுடாவுக்குள் இலை ஒன்று விழுந்தால் அங்கேயே மிதந்துகொண்டிருக்கும் போலிருந்தது.

"இது கடலா?" என்றார் அம்மா.

"கடல்தாம்மா."

"குளம் மாதிரில்ல இருக்கு."

நிழலில் தார்ப்பாய் விரித்தோம். மொத்தம் நான்கைந்து குடும்பங்கள்தான். ஒரு வயதான சீனத் தம்பதி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். வார இறுதியில் இந்த அமைதியை எதிர்பார்த்துப் போய்விடாதீர்கள். சனி ஞாயிறுகளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும், சாப்பிட்ட பொட்டலங்கள் மரத்தடியிலேயே கிடக்கும். அந்தக் குப்பையில் நம்மவர்களின் பங்கும் கணிசமானது என்பதை எழுதாமல் விடுவது நியாயமாகாது. வாழையிலை மக்கிவிடும்; பாலிஸ்திரீன் பெட்டி மக்காது.

குரங்குகளைப் பற்றி நான் அம்மாவிடம் சொன்னது பொய்யில்லை. குன்றுக் காட்டில் நீண்ட வால் குரங்குகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்கும் உண்டு. அது கூச்ச சுபாவி, மரத்தை விட்டு இறங்காது. நீண்ட வால்காரனுக்குக் கூச்சமே கிடையாது. பாயின் ஓரத்தில் வைத்திருந்த முறுக்கு டப்பாவை ஒன்று தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறி, எங்கள் கண்ணெதிரே மூடியைத் திறந்தது. வீட்டில் அந்த மூடியைத் திறக்க எனக்குக் கத்தி வேண்டும்! அம்மா தடியை எடுத்துக்கொண்டு நின்ற தோரணையைப் பார்த்து, அதன் பிறகு எந்தக் குரங்கும் கிட்டே வரவில்லை.

பதினொன்றரை மணிக்குத் தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. அட்டவணைப்படி ஒரு மணி வாக்கில் நிறைய வேண்டும். என் வீட்டுக்காரர் பேராக்கில் லம்பத்துக் குட்டையில் நீந்திப் பழகியவர். மகனை அழைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீருக்குப் போனார். முதுகுக்கு அடியில் ஒரு கையை மட்டும் கொடுத்து, "வானத்தைப் பாரு, வயித்தைத் தூக்கு" என்று மல்லாக்கப் படுக்க வைத்தார். அவன் உடனே இரண்டாக மடங்கி, தண்ணீரைக் குடித்து இருமினான். எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. வாய்வரை வந்துவிட்டது, "போதும், வா!" என்று. அம்மா இருக்கிறார் என்பதற்காகவே அடக்கிக்கொண்டேன். நான் கூப்பிட்டால் அவரும் கூப்பிடுவார். அத்தோடு முடிந்துவிடும்.

திரும்பிப் பார்த்தால் பாயில் அம்மா இல்லை.

கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு பேரும் பேசவில்லை. தண்ணீர் கணுக்காலில் இருந்தது. அம்மா ஓர் அடி வைத்தார். நானும் வைத்தேன். அங்கே மணல் திடீரென்று பள்ளமாகாமல், தாழ்வாரம் போலச் சரிந்து போகிறது. அது காலுக்கே தெரிந்தது. முழங்கால் வரை போனதும் அம்மா என் கையைப் பிடித்தார். பிறகு மெதுவாக, தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். கழுத்துக்குக் கீழே எல்லாம் நனைந்தது. போன வருடம் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட கால்களை நீட்டிப் போட்டுக்கொண்டு, "வலியே தெரியல புள்ள" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பையனின் பெயரைச் சொன்னார். நான் கேட்காமல், தானாகவே. அவன் குடும்பத்தார் இன்னும் அந்தப் பக்கம் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. "நல்லாப் பாடுவான்" என்றார். "லாரியில அவன்தான் பாடிக்கிட்டு வந்தான். நான் சிலிப்பரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். தண்ணியைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"உங்களுக்கு என்னம்மா தெரியும்? பதினாறு வயசு."

"சிலிப்பரைத்தான் பார்த்தேன்" என்று மறுபடியும் சொன்னார்.

அதற்கு நான் என்ன சொல்வது? தண்ணீர் ஏறும் கணக்கை அவருக்குச் சொன்னேன். முதல் மணி நேரம் மெதுவாக, நடுவில் வேகமாக, பள்ளம் முதலில் நிறையும் என்பதை மணலில் விரலால் கோடு போட முயன்று, தண்ணீர் அழித்துவிட, கையாலேயே காட்டினேன். அம்மா கவனமாகக் கேட்டார். கரையில் நின்று பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காதா என்று கேட்டார். திட்டு காய்ந்தே இருக்கும், கரையிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பிள்ளைகள் மணலில் நிற்பதுதான் தெரிந்திருக்கும் என்றேன். அவர் வெகுநேரம் முனைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டி! பாருங்க, பாருங்க!"

மகன் மல்லாக்கப் படுத்திருந்தான். அப்பாவின் கை தண்ணீருக்கு மேலே இருந்தது. ஐந்து எண்ணும் நேரம் இருக்கும். பிறகு மூழ்கி, மூக்கில் தண்ணீர் ஏறி, சிரித்துக்கொண்டே எழுந்தான். அம்மா அவனைக் கரைக்கு வரச் சொல்லவில்லை. "கையைக் காலை ஆட்டாதே, சும்மா கெட" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார், ஏதோ தனக்கு நீச்சல் தெரிந்தவர் போல.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. குளம் மாதிரி இருந்தாலும் அது கடல்தான். வளைகுடாவுக்குள் இருக்கும்வரைதான் அந்த அமைதி. முனைப் பாறைகளைச் சுற்றி வெளியே போனால் ஏற்ற இறக்க நீரோட்டம் வேகமாக இழுக்கும், நல்ல நீச்சல்காரரையும் சோர்வாக்கிவிடும். பாறைகளில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் கத்தி போல வெட்டும். ரப்பர் காலணியோடு இறங்குங்கள். பாறைப் பக்கம் பவளம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மேற்குக் கரையில் அது மிச்சமிருக்கும் சில இடங்களில் இதுவும் ஒன்று, மிதித்துவிடாதீர்கள். காப்பாற்ற யாராவது இருப்பார்கள் என்று நம்பிப் போக வேண்டாம். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் அவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கைப்பேசியை அல்ல. தண்ணீர் நிறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போய்ச் சேர்ந்து, நிறைந்த பின் ஒரு மணி நேரத்தில் கரையேறிவிட்டால் பாறையும் சேறும் உங்களுக்குத் தொந்தரவு தராது. நேரம் மிச்சமிருந்தால் குன்றில் ஏறுங்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை என்றால் கட்டாயம் ஏறுங்கள்.

இரண்டரை மணிக்குத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. மணலில் ஈரக்கோடு ஒன்று மெல்லக் கீழே போவதை மகன்தான் முதலில் பார்த்துச் சொன்னான். கிளம்பினோம். மக்சிக்கிடம் இளநீர் வாங்கிக் குடித்தோம். என்னை அவருக்கு நினைவிருந்தது. இன்றைக்குக் கடல் இருந்ததா என்று கேட்டுச் சிரித்தார்.

பாயை மடித்து, குப்பையை மூட்டை கட்டி, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிய பிறகும் அம்மா மரத்தடியிலேயே குனிந்து நின்றிருந்தார். என்னவென்று போய்ப் பார்த்தேன். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் கழற்றிப் போட்டிருந்த சிலிப்பர்களை எப்போதோ எடுத்து வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். மகனுடையது நடுவில், மணல் தட்டி, ஜோடி சேர்த்து.

"நாலு ஜோடி" என்று எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "டேய், வந்து சிலிப்பரைப் போட்டுக்க. அடுத்த அஷ்டமி எப்போன்னு பாட்டிக்குப் பார்த்துச் சொல்லு."